ஒரு குருவி நுழையும் அளவு

குருவிகளுக்குக் கம்பு வைப்பதைவிட நொய்யரிசி வைப்பதுதான் நல்லது, மேடம். கம்பு காற்றில் பறந்துவிடும். நொய்யை லேசாக ஈரப்படுத்தி ஒரு தட்டில் வைத்தால் பொறுமையாகத் தின்றுவிட்டுப் போகும். நான் எப்போதும் அப்படித்தான் வைக்கிறேன். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு இந்தச் சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனில், பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மனிதர்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். குருவிகள் போகவில்லை.

டீ குடியுங்கள். சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். உள்ளறையில் ஏதாவது சத்தம் கேட்டால் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பெர்சிஸ்தான், என் தம்பி மகள்.

உங்கள் ஸ்டேஷனிலிருந்து பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தத் துணித்துண்டு எனக்குத் தெரிந்ததுதான். நீலக் கட்டம் போட்டது. என் தம்பி ஷெர்வினின் சட்டையிலிருந்து கிழித்தது. இறந்துபோன தம்பியின் சட்டைத்துணி, சயனைடு மேட்டில் புதைந்து கிடந்த பர்னபாஸின் பாக்கெட்டுக்குள் எப்படிப் போனது என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் குருவிகளிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் எலைன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சுரங்கத் தூசு அடைத்த நெஞ்சோடு படுத்துவிட்டார், அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. அவருக்குப் பிறகு அம்மாவுக்கு. அம்மாவுக்குப் பிறகு ஷெர்வினுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டியிருந்தது. சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். லைனில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் கஞ்சி என் அடுப்பிலிருந்துதான் போகும். பெரிய காரியங்கள் செய்ய எனக்குத் தெம்பும் இல்லை, வசதியும் இல்லை. சின்னச் சின்ன நன்மைகள் போதும், அவற்றை ஆண்டவர் பார்க்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அதை நம்பித்தான் வாழ்ந்திருக்கிறேன்.

ஷெர்வின் பெங்களூரில் வேலை பார்த்தான். ஒரு காய்ச்சல் வந்தது, போய்விட்டான். பெர்சிஸ் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். அவன் மனைவி டீனாவுக்கும் பெங்களூரில்தான் வேலை. விடியற்கால ரயிலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பிள்ளை தூங்கும்போது போய், தூங்கிய பிறகு வருகிற அம்மா. அவளைக் குறை சொல்லவில்லை, இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் பெர்சிஸுக்கு எந்தப் பக்கம் தலை வைத்தால் தூக்கம் வரும் என்பது எனக்குத்தான் தெரியும். அவளுடைய முதல் பல் என் உள்ளங்கையில்தான் விழுந்தது.

பின்கட்டில் குளியலறைக் கதவுக்கு மேலே சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் குழாய் போன வழி. இந்த வருடம் மழைக்கு முன்னால் ஒரு ஆண் குருவி வந்து அந்த ஓட்டையின் வாயில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுவதும் கத்தியது. தொண்டையில் கறுப்பாகப் பட்டை இருந்ததால் பெர்சிஸ் அதற்கு டை மாமா என்று பெயர் வைத்தாள். பிறகு ஒரு பெண் குருவி வந்தது. உள்ளே போய்ப் பார்த்தது, பிடிக்கவில்லை போலிருக்கிறது, அவன் சேர்த்து வைத்திருந்த புல்லையெல்லாம் இழுத்து வெளியே போட்டது. பெர்சிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அத்த, மாமாவை வீட்டை விட்டுத் தள்ளுது பாரு.”

“தள்ளலடி. வீட்டைச் சுத்தம் பண்ணுது.”

அவன் மறுபடியும் புல் கொண்டுவந்தான். அவள் மறுபடியும் எறிந்தாள். கடைசியில் எங்கிருந்தோ ஒரு கோழி இறகைக் கொண்டுவந்தான். அதை அவள் அலகால் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதோடு சண்டை தீர்ந்தது.

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். முட்டை இட்ட பிறகு அவை முறை வைத்துக்கொண்டு அடைகாத்தன. ஒன்று வந்து வாசலில் நின்றால்தான் மற்றது வெளியே வரும். எங்கள் அப்பா காலத்தில் ஷிப்ட் மாறுவது போல என்று பெர்சிஸுக்குச் சொன்னேன். சாயங்காலத்தில் பெண் குருவி கம்பியில் உட்கார்ந்து, குஞ்சு போல இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு அவன் முன்னால் வாயைத் திறக்கும். அதற்குத் தானே தேடித் தின்னத் தெரியும். இருந்தாலும் அவன் ஊட்டுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குஞ்சு பொரித்த சில நாட்களில் டை மாமாவைப் பூனை பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு வெங்கடம்மாவின் பூனை. நான் கேட்டதற்கு அந்த அம்மாள், “என் பூனை எலியையே புடிக்காது எலைனம்மா, உன் குருவியையா புடிச்சிது? அதுக்கு அவ்ளோ சுறுசுறுப்பு இருந்தா எனக்கு ஏன் இந்தக் கஷ்டம்?” என்றாள். ஆனால் அவள் வாசலில்தான் இறக்கை கிடந்தது. பெர்சிஸ் அன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. பெண் குருவி மட்டும் ஓயாமல் குஞ்சுகளுக்குப் புழு கொண்டுவந்து போட்டது. நான் அதைப் பார்த்து, இதுதான் தாய், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டொரு நாளில் ஒரு புது ஆண் வந்துவிட்டது. தொண்டைப் பட்டை சின்னது, இளசு. ஓட்டையின் வாயில் உட்கார்ந்து பழையபடி கத்தியது. பெண் குருவி விரட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

அந்த வாரம்தான் டீனா என்னிடம் சொன்னாள். சமையற்கட்டில் நின்று கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“எங்க ஆபீஸ்ல பர்னபாஸ்னு ஒருத்தர். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறாரு. பாப்பாவைத் தன் பொண்ணாட்டம் பார்த்துக்கிறேன்றாரு. பெங்களூர்லயே வீடு எடுத்துக்கலாம், எனக்கும் இந்த ரயில் அலைச்சல் வேணாம். நீங்களும் எங்ககூட வந்துடணும்.” நான் பதில் சொல்லாததைப் பார்த்து, “இன்னா அண்ணி, பேசாம கீறீங்க?” என்றாள்.

“உனக்கு எது நல்லதோ அது செய்,” என்றேன்.

நீங்களும் வாங்க என்றது மரியாதைக்குச் சொன்னது, மேடம். சொல்லாவிட்டால் நன்றாக இருக்காதே என்று சொன்னது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் செத்துப்போன புருஷனின் அக்காவுக்கு என்ன இடம்? டீனா அதை மறுபடி மறுபடி சொன்னாள் என்பது உண்மை. எனக்கென்று ஒரு அறை பார்த்திருப்பதாகக்கூடச் சொன்னாள். நல்ல மனசு அவளுக்கு. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பர்னபாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர். ஊரிலிருந்து அல்வா வாங்கி வந்திருந்தார். காபி குடித்துவிட்டுத் தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். என் வீட்டில் விருந்தாளிகள் டம்ளர் கழுவுவதில்லை. பெர்சிஸ் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அங்கிள், நீங்க டை கட்டலையா?”

“எனக்குக் கட்டத் தெரியாதும்மா. யாராச்சும் கட்டிவிட்டாத்தான் உண்டு.”

“நான் கட்டி விடறேன்,” என்றாள்.

அன்று இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து குருவிகளைப் பார்த்தார்கள். நான் உட்காருகிற இடம் அது. நான் உள்ளே சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன். பெர்சிஸ் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. என்னோடு இருக்கும்போது அவள் அமைதியான பிள்ளை.

குருவிகளைப் பற்றி போனில் ஒரு வீடியோ பார்த்தேன். புதிதாக வருகிற ஆண் குருவி, முந்தையவனின் குஞ்சுகளைக் கொத்திக் கீழே தள்ளிவிடுமாம். அதுவும் இயற்கைதானாம். நான் அதைப் பார்த்த மறுநாள் காலையில் ஒரு குஞ்சு குளியலறைப் படியில் கிடந்தது. கண்கூடத் திறக்கவில்லை. அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போட்டுவிட்டேன். பெர்சிஸிடம் சொல்லவில்லை. ஓட்டைக்குள் மற்றவை கத்திக்கொண்டுதான் இருந்தன.

அதற்கு மறுநாள் சாயங்காலம் பெர்சிஸ் என்னைக் கூப்பிட்டாள். குருவிகள் இரண்டும் ஓட்டைக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கின. பறந்து போகும், திரும்பி வரும், மறுபடி தொங்கும். புது ஆணின் அலகில் பச்சையாக ஏதோ இருந்தது.

“அத்த, அது புழு வெச்சினு நிக்குது. உள்ள போகத் தெரியாம நிக்குது.”

“அது இலைடி கண்ணு.”

“இல்ல அத்த. நெளியுது பாரு.”

எனக்குக் கண் அவ்வளவு சரியில்லை. இலை போலத்தான் தெரிந்தது. அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போய் வீட்டுப்பாடம் எழுத வைத்தேன். உள்ளே குஞ்சுகளின் சத்தம் அன்று அதிகமாக இருந்தது. மறுநாள் குறைந்தது. அதற்கு மறுநாள் இல்லை. புது ஆண் வந்தால் என்ன ஆகும் என்று நான் பயந்தேனோ அது ஆகிவிட்டது. ஜெபத்தில் முழங்காலிட்டு, இதை என் கண்ணுக்குக் காட்டியதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

டீனாவின் தாய்மாமா சுந்தரராஜ் சயனைடு மேட்டுக்கு அந்தப் பக்கம், நந்திதுர்க் லைனில் இருக்கிறார். அவர் வீட்டில் வைத்துக் கல்யாணத் தேதி குறிப்பதாக ஏற்பாடு. கோயில் ஆராதனை முடிந்ததும் டீனாவும் பெர்சிஸும் அவர் அனுப்பிய ஆட்டோவில் முன்னால் போனார்கள். சமையலுக்குக் கை கொடுக்க வேண்டும் என்று டீனாவுக்கு அவசரம். ஆட்டோவில் ஏறும்போது பெர்சிஸ் பர்னபாஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அங்கிள், குருவிக்குட்டி ஏன் கத்தவே மாட்டேங்குது? நீங்க ஏறிப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்,” என்றாள். பார்க்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். என்னோடு வீட்டுக்கு வந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஓட்டைக்குள் விரல் விட்டார். நான் கீழே நின்றேன். உள்ளே எதையோ தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக அந்தத் துணியை இழுத்து எடுத்தார்.

ஆமாம், மேடம். அதை நான்தான் வைத்தேன். அந்தக் குஞ்சு கீழே விழுந்த அன்றைக்கே. மற்ற குஞ்சுகளையாவது காப்பாற்ற வேண்டாமா? வேறு துணி வைத்திருக்கலாம். ஷெர்வினின் சட்டை என்றால் பெட்டியில் அவன் வாசனையோடு இருந்தது, அது காவல் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். முழுவதும் அடைக்கவில்லை. தாய்க்குருவி இளைத்துப் போயிருந்தது, அந்த ஒரு குருவி நுழையும் அளவு வழி விட்டுத்தான் அடைத்தேன். அது ஏன் உள்ளே போகவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. புது ஆண் பக்கத்தில் இருந்ததால் புத்தி மாறியிருக்கும்.

பர்னபாஸ் உள்ளேயிருந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஓட்டையின் வாயருகே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தனவாம். பப்பாளி மரத்தடியில் ஒரு கரண்டியால் குழி தோண்டிப் புதைத்தார். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நீங்க நல்லதுக்குன்னுதானக்கா செஞ்சிருப்பீங்க.”

நான் படியில் சிந்திக் கிடந்த புல்லைப் பொறுக்கினேன்.

“பாப்பாட்ட எல்லாம் பறந்து போயிட்டுன்னு சொல்லிருதேன். துணியை நான் வச்சிக்கிடுதேன், அது கண்ணுல பட வேண்டாம். நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்கக்கா.”

துணியை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அப்படித்தான் அது அங்கே போனது. நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

அவர் சொன்னது நல்ல வார்த்தைதான். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படி ஒரு தயவு செய்ததில்லை. ஆனால் பாருங்கள், அந்த நிமிடத்திலிருந்து என்னைப் பற்றிய ஒரு விஷயம் அவர் பாக்கெட்டில் இருந்தது. இன்றைக்கில்லாவிட்டால் என்றைக்காவது டீனாவிடம் சொல்வார். கெட்ட எண்ணத்தில் இல்லை, புருஷன் மனைவி பேச்சில் வரும். பிறகு டீனா பிள்ளையை என்னிடம் விடுவாளா? விடுமுறைக்காவது அனுப்புவாளா? அதற்காகத்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது பின்னால் தோன்றிய யோசனை. என் மனதில் இருந்ததெல்லாம் பெர்சிஸ்தான். இன்னொருவனின் பிள்ளை. கண்ணைத் திறக்கத் தெரியாத வயது.

அவர் வாசலுக்கு வந்து பார்த்தார். ஆட்டோ இல்லை. ஞாயிறு மதியத்தில் இங்கே எதுவும் வராது.

“நடந்தே போயிருதேன். குறுக்கு வழி ஏதும் இருக்காக்கா?”

இருக்கிறது. சயனைடு மேட்டைக் கடந்து போனால் பாதி தூரம்தான். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், மலை போல நிற்கிறதே, அதுதான். நீங்கள் கோலாரிலிருந்து வருகிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். மழை பெய்த பிறகு அந்த மேட்டுச் சரிவில் இரண்டு விதமான தரை இருக்கும். ஒன்று வெடித்து, பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அது காய்ந்த தரை, யானையைத் தாங்கும். இன்னொன்று வழவழவென்று சிமென்ட் பூசியது போல மின்னும். அது மேலே பொருக்கு, உள்ளே கூழ். ஓடையில் தேங்கியது. மாடு இறங்கினால்கூட எடுக்க முடியாது. வெளியூர்க்காரர்கள் வெடிப்பைப் பார்த்துப் பயந்து வழவழப்பான பக்கம்தான் போவார்கள். இந்த ஊரில் பிறந்த பிள்ளை நடக்கத் தெரிந்ததும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். ஞாயிறு பள்ளியில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் நானே சொல்லித் தருவேன். வெடிச்ச மண்ணு தாங்கும், மினுக்குற மண்ணு முழுங்கும் என்று பிள்ளைகளை ஒன்றாகச் சொல்ல வைப்பேன்.

அந்த வாரம் நல்ல மழை பெய்திருந்தது.

“மேட்டு மேல ஏறி இறங்கினா நந்திதுர்க் லைன் தெரியும், தம்பி,” என்றேன். “வெடிச்சிருக்கற பக்கம் கால் வைக்காதீங்க. வழவழன்னு இருக்கற பக்கமாப் போங்க.”

“சரிக்கா. போயிட்டு போன் பண்ணுதேன்.”

வெயில் இருந்தது. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நன்றாகத் தெரிந்த அக்காவிடம் சொல்லிக்கொள்வது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். மேட்டின்மேல் ஏறும்வரை தெரிந்தார். பிறகு உள்ளே வந்து ஸ்டூலை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன்.

நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, மேடம். அன்றைக்கும் அடிக்கவில்லை. வழி கேட்டார், சொன்னேன்.

அவர் போய்ச் சேரவில்லை. டீனா போன் செய்தாள். மணி அடிக்கவில்லை. சாயங்காலம் என்னிடம் கேட்டபோது, “அப்பவே கிளம்பிட்டாரே,” என்றேன். அது உண்மை. எந்தப் பக்கம் கிளம்பினார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ரயிலடிக்குப் போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். சமைத்த கறி அப்படியே இருந்ததாம். சுந்தரராஜ் வாய் சும்மா இருக்காது.

“இன்னா டீனா, திருநெல்வேலி மாப்ள ஊர்ப் புத்தியைக் காட்டிட்டாரு போல. முன்னாடியே அல்வா குடுத்தாரே, நாமதான் புரிஞ்சிக்கல.”

அவர் சிரித்தார். டீனாவும் சிரிக்கப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் பர்னபாஸ் தன்னை விட்டு ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தாள். வேலைக்குப் போவாள், வருவாள், போனைப் பார்ப்பாள். ஒரு நாள் சமையற்கட்டில் என் தோளில் சாய்ந்து, “எங்கிட்ட இன்னா குறை அண்ணி?” என்று கேட்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். “உங்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா,” என்றேன். அவளுக்குப் பிடித்த மாதிரி கெட்டியாகக் காபி போட்டுக் கொடுத்தேன். அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள், பிறகு நாங்கள் மூன்று பேரும் பழையபடி இருப்போம் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

பெர்சிஸ் மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அங்கிள் குருவிக்குட்டியைப் பார்த்தாரா அத்த?” பார்த்தார், எல்லாம் பறந்து போய்விட்டன என்றேன். அவர் சொல்வதாக இருந்ததைத்தான் சொன்னேன்.

பிறகு ஆடு மேய்க்கிறவன் மேட்டுச் சரிவில் அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

நேற்று உங்கள் ஸ்டேஷனில் இந்தத் துணியைக் காட்டினீர்கள். இது செத்துப்போன என் புருஷனின் சட்டை என்று டீனா அடையாளம் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து ஷெர்வினின் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்துப் பார்த்தாள். பின்பக்கம் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். இன்று காலையில் சுந்தரராஜுடன் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள், உடம்பை வாங்க. பர்னபாஸின் அண்ணன் ஊரிலிருந்து வருகிறாராம். பெர்சிஸை அங்கே அழைத்துப் போக முடியாது, பக்கத்தில் விடலாம் என்றால் வெங்கடம்மா வீட்டில் ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் என்னிடம் விட்டாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“சாயங்காலம் வந்து பாப்பாவைக் கூட்டினு போயிடுவேன். அவ துணியெல்லாம் எடுத்து வெச்சிடுங்க.”

அண்ணி என்று சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான்தான் அவரைச் சாகவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் மறுக்க மாட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். சேற்றில் இறங்கியவர் எவ்வளவு நேரம் கூப்பிட்டிருப்பார் என்று படுத்தால் தோன்றுகிறது. அக்கா என்றுதான் கூப்பிட்டிருப்பார், வேறு யாரை அவருக்கு இங்கே தெரியும். அதற்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டையில் அந்த இரண்டு குருவிகளும் மறுபடி கூடு கட்டுகின்றன. துணி போனதும் வந்துவிட்டன. அவன் புல் கொண்டுவருகிறான், அவள் இழுத்து எறிகிறாள். இன்று காலையில் ஒரு இறகு கொண்டுவந்தான். பெர்சிஸைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன், ஆனால் கதவைத் திறந்தால் வெளியே ஓடிவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

உள்ளறைக் கதவைத்தான் சொல்கிறேன். டீனா போனதுமே வெளியே தாழ் போட்டுவிட்டேன். யாராவது திடீரென்று வந்து தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது இல்லையா. ஜன்னலையும் சாத்தியிருக்கிறேன். காலையில் கொஞ்ச நேரம் தட்டினாள், கூப்பிட்டாள். மதியத்துக்கு மேல் சத்தமே இல்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை, நான் வளர்த்தவள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? டீ பாதிகூடக் குடிக்கவில்லை. அந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், மேலே தூக்கி இழுக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, மேடம். நாம் பேசுவது அவள் காதில் விழ வேண்டாம் என்று கதவுக்கடியில் போர்வையைத் திணித்திருக்கிறேன், அவ்வளவுதான். முழுவதும் அடைக்கவில்லை. ஒரு ஓரத்தில், ஒரு குருவி நுழையும் அளவு வழி விட்டிருக்கிறேன்.